முழங்கால் அளவு ஈரம்

சனிக்கிழமை விடிகாலை நான்தான் முதலில் போவேன்.
நசுங்கிய காகிதக் கோப்பைகள், ஒற்றைக் கையுறை,
சிந்திய பாப்கார்னுக்குச் சண்டையிடும் கடற்காகங்கள்.
ஏரி இங்கிருந்து இருபது மைல்.
கடற்காகங்களுக்கு ஏரியும் கடல்தான்.

ஒஹாயோவில் ஒரு பள்ளி மைதானம். பெயர் வேண்டாம்.
பூட்ஸ் ஆணிகள் கிழித்த புல்லைக்
கவைக்கோலால் நிமிர்த்தி, மண் போட்டு, மிதித்துவிடுவேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
இந்தத் தரையின் ஒவ்வொரு காயமும் எனக்குப் பழக்கம்.
இது வழுக்கியவன். இது சட்டென்று திரும்பியவன்.
இது விழுந்து, எழ நேரமானவன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம்
எந்தக் காயத்திலும் சேராத ஒரு குழி.
எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஐம்பதாம் கஜத்துக்கு நேரே,
உள்ளங்கை அகலம்.
புல் கிழியவில்லை. படுத்திருந்தது, அவ்வளவுதான்.
ஒரு முழங்கால்,
சுமார் இரண்டு நிமிடம்,
அசையாமல்.

குவென்டின் மேபரி. எண் ஐம்பத்தெட்டு.
இருநூற்று நாற்பது பவுண்டு
(தடம் பார்த்தே எடை சொல்வேன்).
அவன் அண்ணனைப் பின்விளக்கு எரியவில்லை என்று
போலீஸ் நிறுத்திய இரவைப் பற்றி
ஊரில் இரண்டு கதைகள்.
ஒன்றில் அண்ணன் கையைத் தூக்கினான்.
இன்னொன்றில் தூக்கவில்லை.
இரண்டு கதையிலும் அவன் இப்போது
ஊன்றுகோலோடு நடக்கிறான்.

மண்டியிட்டான் என்றால் பணிந்தான் என்று அர்த்தம்,
போன மாதம் வரைக்கும்.
இப்போது முடிதிருத்தும் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும்
அதற்குத் திமிர் என்று பெயர்.

எர்வின் ஸ்ட்ராவ்ப், கொடிக்கம்பத்துக்கு வருடாவருடம்
தன் செலவில் பெயின்ட் அடிப்பவர்,
மகனைச் சவப்பெட்டியில் திரும்பப் பெற்றவர்,
முன்வரிசைச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.
அலுவலகம் பூட்டியிருந்ததால் என் கையில் கொடுத்தார்.
அவர் விரல் நடுங்கியது.
அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் நான்கு குழிகள்.
நான்காவது ஆழமில்லை,
பாதியில் எழுந்துவிட்டது போல விளிம்பு இழுபட்டிருந்தது.
பந்தை உதைக்கிற டானி க்ரெஸ்கோவாக இருக்கும்.
அவன் அப்பா நேர் எதிரே உட்காருவார்.

பள்ளி வாரியம் கூடியது.
ஒருவரையும் தண்டிக்கவில்லை, அதையே பெருமையாக அறிவித்தார்கள்.
இனிமேல் கீதம் முடியும்வரை
இரண்டு அணியும் உடைமாற்றும் அறையை விட்டு வராது.
அன்றிலிருந்து ஐம்பதாம் கஜத்தில் புல்
சீப்பால் வாரியது போல் கிடக்கிறது.
வெறும் மைதானத்தைப் பார்த்துக் கீதம் ஒலிக்க,
ஆயிரம் பேர் நெஞ்சில் கைவைத்து
மூடிய கதவையே பார்க்கிறார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
வெள்ளி மதியம் ஒலிபெருக்கியைச் சோதிப்பார்கள்.
எப்போதும் அதே பாட்டு, முழுசாக.
அந்நேரம் நான் தெளிப்பான் மூடியைக் கழற்றிக்கொண்டு
சேற்றில் முழங்கால் ஊன்றியிருப்பேன்.
இருபத்திரண்டு வருடம், வருடத்துக்கு ஐந்தாறு வெள்ளி.
ஒருநாளும் எழுந்ததில்லை.
ஒருவரும் என்னைப் பற்றி வாரியத்துக்குக் கடிதம் போட்டதில்லை.

போன வெள்ளி பாட்டு தொடங்கியபோது
திருகாணி பாதி கழன்றிருந்தது,
தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது.
எழலாமா என்று முதல்முறை யோசித்தேன்.
எழுந்தால் யாருக்காக. எழாவிட்டால் யாருக்காக.
யோசித்து முடிப்பதற்குள் பாட்டு முடிந்துபோயிற்று.

"கேட்குதா, வெர்லின்?" மேலே கூண்டிலிருந்து கத்தினான்
மைக் பையன்.
கேட்குது என்றேன்.
இடது கால்சட்டையில் முழங்கால் அளவு ஈரம்.
ஆட்டம் தொடங்கும்வரை காயவில்லை.